எளிய வாழ்வுக்கு ஓர் ஊர் மஷ்வரா

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம். புகழனைத்தும் அவனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

எளிமையாக வாழ வேண்டும் என்று சொன்னால் மறுப்பவர் நம்மில் எவருமில்லை. ஜும்ஆ மேடையில் வீண்விரயத்தைப் பற்றி ஆலிம் பேசினால் தலையசைத்துக் கேட்கிறோம். "உண்மைதான் ஹஜ்ரத்" என்று முஸாஃபஹா செய்துவிட்டு வீடு திரும்புகிறோம். ஆனால் அதே வீட்டில் மகளின் கல்யாணப் பேச்சு எழும்போது, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை வகைக் கறி, எந்த மண்டபம் என்று கணக்குப் போட உட்கார்ந்ததும், நம் அனைவருக்கும் பழக்கமான ஒரு வார்த்தை நடுவில் வந்து அமர்ந்து கொள்கிறது. "குறைத்துச் செய்தால் ஊர் என்ன சொல்லும்?" இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால், அதுவரை கேட்ட பயான்கள் யாவும் வாயடைத்துப் போகின்றன.

ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் தனி மனிதனின் நோயன்று, ஊரின் நோய். எனவே மருந்தையும் ஊர்தான் உட்கொள்ள வேண்டும். மஹல்லாவாசிகள் ஒன்றுகூடி உட்கார்ந்து, எது தேவை, எது வீண் என்று தங்களுக்குள் மஷ்வரா செய்து, சேர்ந்தே ஒரு முடிவுக்கு வரவேண்டும். இம்மாதம் நாம் சொல்ல வந்த செய்தி இதுவே.

திருமறை காட்டும் நடுவழி

வீண்விரயத்தைக் குறிக்கத் திருக்குர்ஆன் இரு சொற்களைக் கையாளுகிறது. ஒன்று ‘இஸ்ராஃப்’; மற்றொன்று ‘தப்தீர்’. ஆகுமான காரியத்திலேயே அளவு கடந்து போவது இஸ்ராஃப் என்றும், செலவிடத் தகாத இடத்தில் செலவிடுவது தப்தீர் என்றும் உலமாப் பெருமக்கள் விளக்கம் தந்துள்ளனர். பிரியாணி ஹலால். பத்துப் பேர் உண்ணுமிடத்தில் இருபது பேருக்கு ஆக்கி, மீதியைக் குப்பையில் கொட்டுவது இஸ்ராஃப். பெருமைக்காகவும் போட்டிக்காகவும் வாண வேடிக்கையில் பணத்தைக் கரியாக்குவது தப்தீர்.

உண்பதையும் பருகுவதையும் நமக்கு அனுமதித்த அல்லாஹ், அதே ஆயத்தில் விரயத்தைத் தடுத்து, விரயம் செய்வோரைத் தான் நேசிப்பதில்லை என்றும் அறிவிக்கிறான் (7:31). தப்தீர் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்றே பெயரிட்டு அழைக்கிறான் (17:27). வயல் விளைச்சலையும் தோட்டத்துக் கனிகளையும் பற்றிச் சொல்லுமிடத்தில், அறுவடை நாளிலேயே ஏழையின் உரிமையைக் கொடுத்துவிடச் சொல்லி, அதையடுத்து விரயத்தைத் தடுக்கிறான் (6:141). ஏழையின் பங்கும் நமது விரயமும் ஒரே ஆயத்தில் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள்! நாம் கொட்டும் சோறு யாருடைய பங்கு என்பதை இதற்கு மேலும் ஒருவர் விளக்க வேண்டுமா?

அதே வேளையில் கையை இறுக மூடிக்கொள்ளும் கஞ்சத்தனத்தையும் இஸ்லாம் ஏற்கவில்லை. ரஹ்மானின் அடியார்களின் இலட்சணங்களைக் கூறும்போது, அவர்கள் செலவில் வரம்பு மீறவும் மாட்டார்கள், உலோபித்தனம் செய்யவும் மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்று அல்லாஹ் சிலாகிக்கிறான் (25:67). ஆகவே எளிமை என்றதும் கிழிந்த உடையும் பட்டினி வயிறும் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். தேவைக்கு உள்ளே நிற்பதே எளிமை. மனைவி மக்களைப் பட்டினி போட்டுப் பெட்டியை நிரப்புவதற்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

தனித்து நின்றால் ஏன் முடியவில்லை?

ஒருவர் மாதச் சம்பளக்காரர், மார்க்கப் பற்றுள்ளவர். மகளின் நிக்காஹைப் பள்ளிவாசலில் முடித்து, நெருங்கிய உறவினருக்கு மட்டும் எளிய விருந்து வைக்க எண்ணுகிறார். மனைவி சம்மதிக்கிறாள். ஆனால் சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளிக்கிறார்கள். "எங்களுக்கும் நாலு பேர் இருக்கிறார்கள்" என்கிறார்கள். சொந்தச் சகோதரரே, "என் மகள் கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குப் போட்டேன், நீ என் மானத்தை வாங்குகிறாயே" என்று கோபிக்கிறார். கடைசியில் அந்த மனிதர் என்ன செய்கிறார்? மனைவியின் நகைகளை அடகுக் கடைக்குக் கொண்டு போகிறார். வட்டிக்கு வாங்கி விருந்து வைக்கிறார். வந்தவர்கள் உண்டு, பாதியை இலையில் விட்டுவிட்டு, கை கழுவிச் செல்கிறார்கள். அவர் மட்டும் பல வருடங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

சகோதரர்களே! வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர்ப்பிரகடனம் செய்திருப்பதைத் திருமறையில் ஓதுகிறோம் (2:279). அந்தப் போரின் முன்னிலையில் ஓர் அடியானைத் தள்ளியது எது? அவனுடைய பேராசையா? இல்லை, நம்முடைய பார்வை, நம்முடைய பேச்சு! நாம் திண்ணையில் உட்கார்ந்து, "அவன் வீட்டுக் கல்யாணத்தில் கறித்துண்டு கண்ணில் படவில்லை" என்று சிரித்த சிரிப்பு, மற்றொரு தகப்பனை அடகுக் கடைக்கு அனுப்பி வைக்கிறது. நாளை மஹ்ஷரில் அவனிடம் மட்டும்தான் கேள்வி இருக்கும், நமக்கு அதில் பங்கில்லை என்று எவரால் துணிந்து சொல்ல முடியும்?

ஊரில் பத்துக் குடும்பத்தார் சேர்ந்து, "எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒரு வகைச் சோறு, ஒரு கறி; இதற்கு மேல் செய்வதில்லை" என்று பேசி முடிவெடுத்தால் எவருடைய மானமும் போகாது. தனியாகக் குறைத்தவனைக் கஞ்சன் என்ற நாவே, கூடிக் குறைத்தவர்களை ஊர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று சொல்லும். மஷ்வராவின் பரக்கத் இத்தகையது.

முன்னோர் காட்டிய முன்மாதிரி

மூமின்களின் காரியங்கள் தங்களுக்கிடையே கலந்தாலோசிப்பதைக் கொண்டு நடக்கும் என்று திருமறை பாராட்டுகிறது. அந்த ஸூராவுக்கே ‘ஷூரா’ என்றுதான் பெயர் (42:38). வஹீ இறங்கிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களுக்கே தோழர்களுடன் ஆலோசிக்கும்படி கட்டளை வந்தது (3:159). ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் யோசனையை ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் சொன்னபோது அண்ணலார் அதை ஏற்றார்கள். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் சோர்ந்து, தலைமுடி களையவும் குர்பானி கொடுக்கவும் தயங்கி நின்றபோது, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கூடாரத்திற்குள் சொன்ன ஆலோசனைப்படியே நபியவர்கள் வெளியே வந்து தாமே முதலில் செய்து காட்டினார்கள். கூட்டம் முழுவதும் பின்பற்றியது. பெண்களிடம் கேட்க என்ன இருக்கிறது என்போர் இந்த வரலாற்றை ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

நம் தலைப்புக்கு மிக நெருக்கமான ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. யமன் நாட்டிலிருந்து வந்த அஷ்அரிக் கூட்டத்தாரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னது அது. போரிலோ ஊரிலோ அவர்களுக்கு உணவு குறைந்து போனால், அவரவரிடம் இருப்பதைக் கொண்டுவந்து ஒரே துணியில் கொட்டுவார்கள். பிறகு ஒரே பாத்திரத்தால் அளந்து எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். இதைச் சொல்லிவிட்டு, அவர்கள் தம்மைச் சார்ந்தவர்கள் என்றும், தாம் அவர்களைச் சார்ந்தவர் என்றும் அண்ணலார் நவின்றார்கள். ஸுப்ஹானல்லாஹ்! இதைவிட உயர்ந்த பட்டம் ஒரு கூட்டத்தாருக்கு வேறென்ன வேண்டும்? அங்கே எவர் கொண்டுவந்தது அதிகம், எவர் கொண்டுவந்தது குறைவு என்ற பேச்சில்லை. ஒரு துணி, ஓர் அளவுப் பாத்திரம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வழக்கங்கள் நம் மூதாதையரிடமும் இல்லாமலில்லை. ரமளானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். செல்வர் அரிசியும் கறியும் கொடுக்கிறார். செல்வரும் ஏழையும் ஒரே கஞ்சியைக் குடித்து நோன்பு திறக்கிறார்கள். ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து பலர் கூடி உண்ணும் வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் இருக்கிறது. கூடி உண்ணுமிடத்தில் மீதம் குறைவு, பரக்கத் அதிகம். இருவரின் உணவு மூவருக்குப் போதும், மூவரின் உணவு நால்வருக்குப் போதும் என்ற நபிமொழியின் பொருள் அந்த ஸஹனில் கண்கூடாகத் தெரியும்.

எப்படிக் கூடுவது?

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு தெருவிலோ ஒரு மஹல்லாவிலோ பத்துப் பதினைந்து பேர், மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் பள்ளியின் ஒரு மூலையில் அமர்ந்தால் போதும். தாய்மார்கள் ஒரு வீட்டிலோ பெண்கள் மத்ரஸாவிலோ தனியாக அமரட்டும். அடுப்படியில் என்ன வீணாகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனவே அவர்களுடைய முடிவு ஆண்களின் மஜ்லிஸுக்குத் தவறாமல் வந்து சேரவேண்டும். கிராஅத்துடன் துவங்கி, ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பேசி, ஒரு சிறு முடிவு செய்து, துஆவுடன் கலைய வேண்டும். அடுத்த மாதம் கூடும்போது முதல் கேள்வி, சென்ற மாத முடிவு என்னவாயிற்று என்பதாக இருக்கட்டும்.

முதல் மஜ்லிஸில் நீரைப் பற்றிப் பேசலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் ஒளுச் செய்வார்கள். ஒரு ‘ஸாவு’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. முத்தின் அளவில் மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தாலும் அது சுமார் ஒரு லிட்டருக்கு உட்பட்டதே. இன்று நாம் குழாயைத் திறந்துவிட்டு, முழங்கை கழுவி, தலைக்கு மஸஹ் செய்து, பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரித்து முடிக்கும் வரை நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பள்ளியில் ஐவேளையும் சேர்த்து 300 பேர் ஒளுச் செய்கிறார்கள், ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் 4 லிட்டர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். ஒரு மாதத்துக்கு 36,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் மூன்று! அல்லாஹ்வின் வீட்டில், அவனை வணங்கப் போகிறோம் என்ற நிய்யத்துடனேயே இவ்வளவும் சாக்கடைக்குப் போகிறது.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் உணர்த்திய செய்தி இப்னு மாஜாவில் இடம் பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்கள் விமர்சித்திருந்தாலும், நீரை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்ற கருத்து ஸஹீஹான ஹதீஸ்களாலேயே உறுதிப்பட்டதாகும். மேலும் பள்ளிவாசலின் நீர் வக்ஃபு நீர். சொந்தக் கிணற்று நீரில் விரயம் மக்ரூஹ் என்று எழுதிய ஃபிக்ஹுக் கலை அறிஞர்கள், வக்ஃபு நீரில் அது ஹராம் என்று எச்சரித்திருக்கிறார்கள். இது எத்தனை பேருடைய காதுக்கு எட்டியிருக்கிறது?

இதைப் பேசும் மஜ்லிஸ் என்ன முடிவு செய்யலாம்? ஹவுள் உள்ள பள்ளிகளில் அதைத் தூர்க்காமல் பேணலாம். குழாய்களில் மெல்லிதாக விழும்படி திருகு வைக்கலாம். ஒளுச் செய்து விழும் நீர், மீண்டும் ஒளுவுக்கு ஆகாவிட்டாலும் அசுத்தமான நீரல்ல. அதைத் தனி வாய்க்கால் வழியாகத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம். பள்ளியின் மாடியில் விழும் மழைநீரைக் கிணற்றருகே நிலத்துள் இறக்கலாம். கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. அமைத்த குழிகள் தூர்ந்து போகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இந்த மஜ்லிஸின் வேலைதான். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்துக் கிடந்ததை மறந்துவிட முடியுமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்து ஊரே வெள்ளக்காடானதையும் பார்த்தோம். தண்ணீர் இல்லாத கோடையும், தாங்க முடியாத மழையும் மாறி மாறி வரும் காலம் இது. வாய்க்காலில் பாலிதீன் பையைப் போட்டு அடைத்துவிட்டு, வெள்ளம் வந்ததும் துஆவுக்குக் கையேந்துவது அறிவுடைமையாகாது.

இரண்டாவது மஜ்லிஸில் உணவைப் பற்றிப் பேசலாம். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீணானது வீடுகளில்! பெரிய ஹோட்டல்களின் குற்றம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. கீழே விழுந்த கவளத்தை எடுத்து, ஒட்டியதைத் துடைத்துவிட்டு உண்ணும்படியும், அதை ஷைத்தானுக்கு விட்டுவிட வேண்டாம் என்றும், தட்டை வழித்து உண்ணும்படியும் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். தட்டு நிறையப் போட்டுக்கொண்டு பாதியை ஒதுக்குவதுதான் நாகரிகம் என்று நம் பிள்ளைகள் எங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டியது தாயின் மடியில்.

மூன்றாவது மஜ்லிஸில் விருந்தைப் பற்றிப் பேசலாம். கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா நடந்தது. ரொட்டியுமில்லை, இறைச்சியுமில்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. அவ்வளவுதான் விருந்து. அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் ஆடு அறுத்து விருந்தளித்ததும் ஸுன்னத்தில் இருக்கிறது. இருக்கும்போது கொடுப்பதும், இல்லாதபோது இருப்பதைக் கொடுப்பதும் இரண்டுமே நபிவழி. இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுக்கும்படி ஸுன்னத்தில் எங்கே இருக்கிறது? செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே மிகக் கெட்ட உணவு என்றும் ஹதீஸில் வந்துள்ளது. நம் அழைப்புப் பட்டியலை இந்த ஹதீஸின் முன்வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நான்காவதாகப் பொருள்களைப் பற்றிப் பேசலாம். தொழுகையில் பாராமுகமாக இருப்போரையும், பிறர் காண வேண்டுமென்று செய்வோரையும் கண்டிக்கும் ‘மாஊன்’ ஸூரா, அற்பமான புழங்கு பொருளைக்கூட இரவல் கொடுக்காதவர்களைச் சொல்லி முடிகிறது (107:7). சட்டி, வாளி, கோடரி போன்றவை என்று முஃபஸ்ஸிர்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஜமாஅத்தில் நாலு பெரிய தேக்சா, நூறு தட்டு, நூறு டம்ளர், விரிப்புகள் வாங்கி வைத்து, ஏழை, பணக்காரர் எல்லோருடைய விசேஷத்துக்கும் கொடுத்து வாங்கினால், ஒருமுறை உண்டு வீசும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு வேலையே இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நமக்கு மாஊன் ஸூரா வந்துவிட்டது! தம் செருப்பைத் தாமே தைத்து, தம் உடையின் கிழிசலைத் தாமே ஒட்டுப்போட்ட நபியின் உம்மத், வார் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுப்பதை வெட்கமாகக் கருதலாமா?

மஜ்லிஸுக்கு உரிய அதபுகள்

சகோதரர்களே! நல்ல நோக்கத்துடன் துவங்கிய எத்தனையோ கூட்டங்கள் பிளவில் முடிந்திருக்கின்றன. ஆகவே சில ஒழுங்குகளை உறுதியாகப் பேணியாக வேண்டும்.

முதலாவது, எவருடைய பெயரையும் எடுக்கக் கூடாது. இன்னார் வீட்டுக் கல்யாணத்தில் இவ்வளவு கொட்டினார்கள் என்று பேச ஆரம்பித்தால், எளிமைக்காகக் கூடிய கூட்டம் கீபத் கூட்டமாகிவிடும். தர்மத்தையும் நன்மையையும், மக்களிடையே சமாதானத்தையும் ஏவும் பேச்சைத் தவிர மற்ற இரகசியப் பேச்சுகள் பெரும்பாலானவற்றில் நன்மையில்லை என்று அல்லாஹ் கூறுகிறான் (4:114). அந்த வரம்பை விட்டு வெளியேறினால் கலைந்து போவதே மேல்.

இரண்டாவது, வசதியுள்ளவர் முதலில் குறைக்க வேண்டும். ஹிஜ்ரி 18இல் மதீனாவில் கடும் பஞ்சம் வந்தபோது, மக்களுக்கு மீண்டும் செழிப்பு வரும்வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் விரதம் பூண்டார்கள். ஏழை எளிமையாக வாழ்ந்தால் அதை வறுமை என்று ஊர் சொல்லும். செல்வந்தர் எளிமையாகச் செய்தால்தான் அது வழக்கமாகும். அவர் துவக்கி வைத்த நல்வழியில் நடக்கும் ஒவ்வோர் ஏழைத் தகப்பனின் நன்மையிலும் அவருக்குப் பங்கு கிடைக்கும்.

மூன்றாவது, ஏழையின் கருத்தை முதலில் கேட்க வேண்டும். முத்தவல்லி பேசிய பிறகு கூலித் தொழிலாளி வாய் திறக்கமாட்டார். சபைக்குத் தாமதமாக வந்து பின்வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்த ஒருவரைப் பற்றி, அல்லாஹ்வும் அவரிடம் வெட்கம் பாராட்டினான் என்று நபியவர்கள் உயர்வாகச் சொன்னார்கள். அத்தகைய பின்வரிசைக்காரரைக் கைபிடித்து முன்னே அமர்த்துங்கள்.

நான்காவது, வற்புறுத்தல் வேண்டாம். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்கும் அதிகாரம் எந்த ஜமாஅத்துக்கும் இல்லை. இரண்டு கறி வைத்தவருக்கு அபராதம், ஊர்விலக்கு என்று கிளம்பினால் அது ஷூரா ஆகாது, அநியாயமாகும். விரும்பியவர்கள் ஒப்பந்தமாகட்டும். மற்றவர்கள் பார்க்கட்டும்; அல்லாஹ் நாடினால் அவர்களும் வருவார்கள்.

ஐந்தாவது, எளிமையும் பெருமையாகிவிடக் கூடாது. "என் மகள் நிக்காஹை ஒரு டம்ளர் சர்பத்தோடு முடித்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது, ஆடம்பரத்தைப் பின்வாசல் வழியாக அழைத்து வருவதாகும். ரியா எந்த உடையிலும் வரும். கதர் உடையிலும் வரும்.

சில சந்தேகங்கள்

இப்படி மாதந்தோறும் கூடுவது பித்அத் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். இதை நாம் தனி வணக்கமாகவோ, குறிப்பிட்ட நாளுக்கென்று ஒரு சிறப்பு இருப்பதாகவோ கருதிச் செய்யவில்லை. மார்க்கம் ஏவிய மஷ்வராவை நிறைவேற்ற வசதியான ஒரு வேளையைத் தேர்ந்துகொள்கிறோம்; அவ்வளவே. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள், சிறிது நேரம் அமர்ந்து ஈமானைப் புதுப்பித்துக் கொள்வோம் என்று தம் தோழரை அழைத்த செய்தி நமக்குத் தெரிந்ததே.

தன் அடியானுக்குக் கொடுத்த நிஃமத்தின் அடையாளத்தை அவன் மீது காண அல்லாஹ் விரும்புகிறான் என்று ஹதீஸ் இருக்கிறதே என்பது மற்றொரு கேள்வி. உண்மைதான். சுத்தமான நல்ல உடை அணியுங்கள். வீட்டாருக்கு நல்ல உணவளியுங்கள். ஆனால் குப்பைத்தொட்டியில் கிடக்கும் சோறு நிஃமத்தின் அடையாளமா? நன்றி மறந்ததன் அடையாளமா?

ஆலைகள் கக்கும் புகைக்கும், நகரங்கள் கொட்டும் குப்பைக்கும் முன்னால் நம்முடைய ஒரு வாளித் தண்ணீர் எம்மாத்திரம் என்று கேட்பவர்களும் உண்டு. கியாமத் நாள் வந்துவிட்ட வேளையிலும் ஒருவர் கையில் ஈச்சங்கன்று இருந்து, அதை நட முடியுமானால் நட்டுவிடட்டும் என்று ஏவிய நபியின் உம்மத் நாம். பலன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் செய்வோம் என்பது வியாபாரியின் கணக்கு. மேலும், ஒரு தனி மனிதர் நகராட்சியில் போய்ச் சாக்கடை அடைப்பைச் சொன்னால் காத்திருக்கச் சொல்வார்கள். ஒரு மஹல்லாவே கூடிக் கையெழுத்திட்டுப் போனால் காது கொடுப்பார்கள். கூடி அமர்வதில் இந்த நன்மையும் இருக்கிறது. 2014இல் இந்தோனேசியாவின் உலமா சபை குப்பைகளைக் கையாளுவது பற்றித் தனி ஃபத்வாவே வெளியிட்டது. 2015 ஆகஸ்டில் பல நாட்டு முஸ்லிம் அறிஞர்கள் இஸ்தான்புல் நகரில் கூடி, பூமியின் தட்பவெப்பம் கெட்டு வருவதைத் தடுப்பது முஸ்லிம்களின் கடமை என்று பிரகடனம் செய்தார்கள். பெரிய சபைகள் பேசியது நம் தெருவுக்கு வந்து சேரவேண்டுமானால், தெருவிலும் ஒரு சிறிய சபை இருக்க வேண்டாமா?

அன்பர்களே! அனுபவித்த நிஃமத்தைப் பற்றி அந்நாளில் நிச்சயமாக விசாரிக்கப்படுவீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (102:8). அந்த விசாரணை வருவதற்குள் நம்மை நாமே விசாரித்துக்கொள்ள இந்த மஜ்லிஸ் ஒரு வாய்ப்பு. அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள், உங்கள் மஹல்லாவில் ஐந்து பேராவது ஒருமுறை கூடுங்கள். நீரைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஒரே ஒரு முடிவு செய்யுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று ஊரே உட்கார்ந்து பேசத் துவங்கிவிட்டால், அடகுக் கடை வாசலுக்குப் போகவிருந்த ஒரு தகப்பன் இன்ஷா அல்லாஹ் பாதி வழியிலேயே திரும்பிவிடுவான்.

யா அல்லாஹ்! நீ கொடுத்ததை அளவோடு அனுபவிக்கவும், அடுத்தவரின் பங்கை அறிந்து கொடுக்கவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! எங்கள் கண்களையும் நாவுகளையும் பிறருக்குச் சுமையாக்கி விடாதே! கூடிப் பேசி, கூடி உண்டு, கூடி உன் பக்கம் திரும்பும் கூட்டத்தாராக எங்களை ஆக்கி வைப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!